சும்மா எடுத்த படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் படங்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் பொறுப்பு, யாரும் கேட்டுக்கொள்ளாமலே பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கேமரா நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. வீட்டாரும் நண்பர்களும் தம்மை மறந்து மகிழ்ந்திருக்கும் நேரத்தில், பெரிதாக எதையும் திட்டமிடாமல் எடுக்கப்படும் படங்களைப் பற்றியது மட்டுமே இத்தொகுப்பு.

“சும்மா எடுத்த படம்” என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாரையும் நிற்க வைக்காமல், உடையையோ பின்னணியையோ சரிசெய்யச் சொல்லாமல், நடந்துகொண்டிருப்பதை நடந்தபடியே எடுத்த படம். ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்த ‘ஸ்னாப்’ என்ற சொல்லுக்கு வேட்டையில் வேர் இருக்கிறது: நிதானமாகக் குறிபார்க்க நேரமில்லாமல், தோன்றிய கணத்திலேயே சுடுவதைத்தான் வேட்டைக்காரர்கள் ‘ஸ்னாப்ஷாட்’ என்றார்கள். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1860இல் அச்சொல்லைப் புகைப்படக் கலைக்குக் கொண்டுவந்தார். ஆனால் அவர் அதைப் பயன்படுத்திய காலத்தில் அப்படியொரு படத்தைச் சாதாரண மனிதர் எவரும் எடுத்திருக்க முடியாது. சொல் முதலில் வந்துவிட்டது. கருவி பின்னால் வந்தது.

மிகப் பழைய படங்களில் ஏன் ஒருவர்கூடச் சிரிப்பதில்லை?

அவர்களுக்குச் சிரிக்கத் தெரியாமல் இல்லை. அவர்களுடைய சிரிப்பைப் பிடிக்கக் கேமராவுக்குத்தான் தெரியவில்லை. புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான லூயி டாகேர் 1838இல் பாரிஸின் ஒரு பெருந்தெருவை மாடி உயரத்திலிருந்து படமெடுத்தார். வண்டிகளும் மனிதர்களும் நிறைந்திருந்த அந்தத் தெரு, படத்தில் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால் அசைந்தவர்கள் அனைவரும் மறைந்துபோக, காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவருடைய உருவம் மட்டுமே தெளிவாகப் பதிந்தது. மனித உருவம் பதிந்த படங்களுள் இதுவே மிகப் பழையது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் அந்த நேரம் வெகுவாகக் குறைந்தபோதும், உருவப்படம் எடுத்துக்கொள்ள உட்கார்ந்தவரின் தலை ஆடாமலிருக்கப் பின்புறத்தில் ஓர் இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுத்து வைத்தார்கள். தாங்கியில் தலையைச் சாய்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சிரிப்பைப் பிடித்து வைக்க முடியும்? பல் தெரியச் சிரிப்பது மதிப்புக் குறைவு என்ற எண்ணமும், ஓவியத்திலிருந்து வந்த இறுக்கமான தோரணையும் இதனோடு சேர்ந்துகொண்டன.

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமராதான் இதை மாற்றியது. அதில் 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டால், படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளையும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சிறுவர்களும் வாங்கக்கூடிய விலையில் பிரௌனி கேமரா 1900இல் வந்தது. வீட்டுப் படங்களில் சிரிப்பு நுழையத் தொடங்கியது ஏறத்தாழ இந்தக் காலத்திலிருந்துதான்.

ஸ்டூடியோவில் எடுத்த நல்ல படம் இருக்கும்போது இவை எதற்கு?

ஸ்டூடியோ படத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒருவர் தம்மை உலகம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாரோ அது அதில் இருக்கிறது. அவரோடு பழகியவர்கள் அவரை எப்படிப் பார்த்தார்கள் என்பது மட்டும் அதில் இருப்பதில்லை.

என் பெரியம்மாவுக்கு இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய ஸ்டூடியோ படம். முகம் தெளிவாகவும், தலைமுடி ஓர் இழைகூடப் பிசகாமலும், பார்வை நேராகவும் இருக்கும். மற்றொன்று உள்ளங்கை அளவே உள்ள கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவர் படியில் உட்கார்ந்து, உடல் ஒரு பக்கமாகச் சாய, கண்கள் இடுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வந்தால் வலது கையால் வாயை மூடிக்கொள்வது அவர் வழக்கம். அந்தக் கை பாதி வழியில் இருக்கும்போது கேமரா அதைப் பிடித்திருக்கிறது, ஆகவே விரல்கள் கலங்கி ஒரு வெள்ளைப் புகைபோலத் தெரிகின்றன. பக்கத்தில் இருப்பவரின் தோள் வரைதான் படத்தில் விழுந்திருக்கிறது. கீழே வலது மூலையில், வார் அறுந்து ஊக்கால் குத்தப்பட்ட செருப்போடு யாருடையதோ ஒரு கால். படக்கலை தெரிந்தவர் எவரும் இதை நல்ல படம் என்று சொல்ல மாட்டார். ஆனால் பெரியம்மா மறைந்த பிறகு அவருடைய பிள்ளைகள் நால்வரும் தனித்தனியே என்னிடம் பிரதி கேட்டது இந்தப் படத்துக்குத்தான்.

முகத்தசைகளை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் கியோம் டூஷேன் 1862இல் எழுதியது இதற்கு ஓரளவு விளக்கம் தருகிறது. உதட்டின் ஓரங்களை மேலே இழுக்கும் தசையை நினைத்தவுடன் அசைத்துவிடலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியின்போதுதான் தானாகச் சுருங்குகிறது என்று அவர் கண்டார். அதைப் பாவனையாகச் செய்யக்கூடியவர்களும் உண்டு என்பது பின்னாளில் தெரியவந்தது. இருந்தாலும் ‘சிரியுங்கள்’ என்றதும் பெரும்பாலோருக்கு உதடு விரிகிறதே தவிரக் கண் சுருங்குவதில்லை. சொல்லிச் சிரிக்க வைத்த படத்தில் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றுவது அந்தக் கண்களால்தான்.

இது வெறும் பொழுதுபோக்குத்தானே? இதற்கு இவ்வளவு மதிப்பா?

பொழுதுபோக்குத்தான். ஆனால் புகைப்படத்தின் வரலாற்றில் பெரிய திருப்பங்கள் சில இந்தப் பொழுதுபோக்கிலிருந்தே பிறந்திருக்கின்றன. 1943இல் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, எடுத்த படத்தை ஏன் உடனே பார்க்க முடியாது என்று மூன்று வயது மகள் கேட்டதுதான் எட்வின் லேண்டை யோசிக்க வைத்தது. அந்த யோசனையிலிருந்து உருவான போலராய்டு உடனடிக் கேமரா 1948இல் விற்பனைக்கு வந்தது. 1997 ஜூன் 11 அன்று ஃபிலிப் கான் என்பவர், மகப்பேறு மருத்துவமனையில் இருந்தபடியே ஒரு சிறு டிஜிட்டல் கேமராவையும் கைபேசியையும் இணைத்து, அன்று பிறந்த தம் மகளின் படத்தை 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். கைபேசி வழியாக உடனுக்குடன் பகிரப்பட்ட முதல் படமாகக் குறிப்பிடப்படுவது ஒரு தந்தை எடுத்த இந்த வீட்டுப் படமே.

கலையென்று பார்த்தாலும், 1894இல் பிறந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஜாக் ஹென்றி லார்டிக் சிறுவனாக இருந்தபோதே தம் வீட்டாரின் ஓட்டத்தையும் பாய்ச்சலையும் விளையாட்டையும் படமெடுக்கத் தொடங்கிவிட்டார். ஒன்றுவிட்ட சகோதரி படிக்கட்டிலிருந்து பறப்பதுபோலத் தாவும் படத்தை எடுத்தபோது, அதாவது 1905இல், அவருக்கு வயது பத்தோ பதினொன்றோதான். வீட்டுக்காக எடுத்த அந்தப் படங்களை நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1963இல் காட்சிக்கு வைத்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

கலங்கிய படங்களையும் தலை வெட்டுப்பட்ட படங்களையும் அழித்துவிடலாமா?

எடுத்த அன்றே அழிக்காதீர்கள் என்பதே என் ஒரே கண்டிப்பு. எடுத்த நாளில் நாம் படத்தைப் படமாகப் பார்க்கிறோம். வெளிச்சம் போதவில்லை, கண் மூடியிருக்கிறது, முகம் கோணலாக இருக்கிறது என்ற குறைகளே கண்ணில் படுகின்றன. பத்தாண்டு கழித்து அதே படத்தை ஆளாகப் பார்க்கிறோம். அப்போது, பின்னணியில் அகப்பட்ட பழைய நாற்காலியும், சுவரில் பென்சிலால் குறித்த பிள்ளைகளின் உயரமும், இன்று இல்லாத ஒருவர் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதும் முன்னால் வந்து நிற்கின்றன. படமெடுத்தவர் கவனிக்காமல் விட்டவையே பிற்காலத்தில் அதிக விலைபெறுகின்றன என்பது இத்தனை ஆண்டு ஆல்பம் புரட்டியதில் நான் கண்டது.

இதைப் படங்களைக் கொண்டு அல்ல, எழுத்துக் குறிப்புகளைக் கொண்டு சோதித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. டிங் ஜாங் என்பவரும் அவருடைய சகாக்களும், சிலரைத் தம் அன்றாட உரையாடல்களையும் நிகழ்வுகளையும் எழுதி வைக்கச் செய்து, சில மாதங்களுக்குப் பிறகு அவற்றைத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள். எழுதிய நாளில் எதிர்பார்த்ததைவிடப் படித்த நாளில் அவர்களுக்கு ஆர்வமும் மகிழ்ச்சியும் மிகுதியாக இருந்தன. அதிலும் சிறப்பு நாள்களைவிட ஒன்றுமே நடக்காத சாதாரண நாள்களின் மதிப்பைத்தான் அவர்கள் மிகவும் குறைத்துக் கணித்திருந்தார்கள்.

அப்படியானால் எதைத்தான் அழிப்பது? ஒரே கணத்தில் எடுத்த பத்துப் படங்களில் இரண்டை வைத்துக்கொண்டு எட்டை நீக்கலாம். பைக்குள் இருந்தபடியே கேமரா எடுத்துத் தள்ளிய இருட்டுப் படங்களைத் தயங்காமல் நீக்கலாம்.

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் அந்த நேரத்தை எப்படி அனுபவிப்பது?

நியாயமான கேள்வி, விடையும் ஒற்றை வரியில் அடங்காது. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர், அருங்காட்சியகத்தைச் சுற்றிப்பார்க்க அழைத்துச் சென்ற மாணவர்களைச் சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொல்லி, மறுநாள் சோதித்தார். முழுப் பொருளாகப் படமெடுத்தவற்றை அவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2014இல் வெளியான அவருடைய கட்டுரை கூறுகிறது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் படமெடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. நெருங்கிப் பார்க்க மனம் அங்கே இருக்க வேண்டியிருக்கிறது அல்லவா! இதற்கு மாறாக, கிறிஸ்டின் டீல், கால் ஜாபர்மன், அலிக்ஸாண்ட்ரா பராஷ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, படமெடுப்பது கவனத்தைக் கூட்டுவதால் மகிழ்ச்சியும் கூடுகிறது என்கிறது. அதே ஆய்வாளர்கள் பின்னர், தமக்காக எடுப்பவர்களைவிடச் சமூக ஊடகத்தில் பகிர்வதற்காகவே எடுப்பவர்களுக்கு அந்த மகிழ்ச்சி குறைகிறது என்றும் கண்டார்கள்.

என் நடைமுறை எளியது. கைபேசியை எடுப்பேன், ஐந்தாறு படங்கள் எடுப்பேன், திரையில் அவற்றைப் பார்க்காமலே பையில் போட்டுவிடுவேன். எடுத்தவுடன் எல்லோரும் தலையை ஒட்டிக்கொண்டு திரையைப் பார்க்கத் தொடங்கினால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும்.

கேமராவைக் கண்டதும் எல்லோரும் விறைத்துக்கொள்கிறார்கள். என்ன செய்யலாம்?

போஸ் கொடுக்கும் படத்தை முதலில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். ‘முடிந்தது’ என்று சொன்ன மறு நொடியில் தோள்கள் தளரும், யாராவது யாரையாவது சீண்டுவார்கள், அடக்கி வைத்த சிரிப்பு வெடிக்கும். கேமராவைக் கீழே இறக்காமல் காத்திருந்தால் உங்களுக்கு வேண்டிய படம் அந்த ஐந்து நொடிகளில் கிடைக்கும். கைகளுக்கு வேலை இருப்பவர்கள் விறைப்பதில்லை. ஆகவே சீட்டாடுபவரை, தலைபின்னுபவரை, பழைய பெட்டியைக் குடைபவரை எடுங்கள்.

நுட்பத்தில் மூன்று செய்திகள் போதும். முதலாவது, வெளிச்சம்: ஃபிளாஷை அணைத்துவிட்டு, முகங்களில் ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள். லென்ஸுக்கு மிக அருகிலிருந்து ஃபிளாஷ் அடிக்கும்போது விழியின் பின்புறத்திலுள்ள இரத்தம் நிறைந்த பகுதி ஒளியைத் திருப்பி அனுப்புவதாலேயே கண்கள் சிவப்பாக விழுகின்றன. இரண்டாவது, தூரம்: கைபேசியை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும், ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மூன்றாவது, வேகம்: ஓடும் குழந்தைக்கு ஷட்டர் வேகம் (கேமராவுக்குள் ஒளி விழும் நேரம்) 1/500 நொடியும், பேசிச் சிரிப்பவர்களுக்கு 1/125 அல்லது 1/250 நொடியும் பொருந்தும். உங்கள் கைபேசியில் இதை மாற்ற வழியில்லையென்றால் கவலை வேண்டாம், வெளிச்சம் நிறைந்த இடத்தில் கைபேசியே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். கொஞ்சம் கலங்கினாலும் குற்றமில்லை. பெரியம்மாவின் கை கலங்காமல் இருந்திருந்தால் அது அவர் கையாக இருந்திருக்காது.

ஒருவர் அறியாதபடி எடுப்பது சரியா?

இயல்பாக எடுப்பது வேறு, திருட்டுத்தனமாக எடுப்பது வேறு. கேமரா கையில் இருக்கிறது என்பது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எந்த நொடியில் அழுத்துவீர்கள் என்பது மட்டும் தெரியாமலிருந்தால் போதும். ‘என்னை எடுக்காதே’ என்று ஒருவர் சொன்னால் அதற்குக் காரணம் கேட்கக்கூடாது. தூங்குபவரையும் அழுபவரையும் வேடிக்கைக்காக எடுத்துப் பொதுவில் போடுவது எனக்கு உடன்பாடில்லை. குழந்தைகளின் படங்களைப் பகிர்வதற்கு முன் பெற்றோரைக் கேளுங்கள். குழந்தை சற்று வளர்ந்துவிட்டால் அந்தக் குழந்தையையே கேளுங்கள்.

செல்ஃபியும் இந்தக் கணக்கில் சேருமா?

சேரும். ஆனால் செல்ஃபியில் எல்லோரும் ஒரே திரையைப் பார்ப்பதால், ஒருவர் மற்றவரைப் பார்க்கும் பார்வை அதில் கிடைக்காது. ஒன்று எடுத்துவிட்டுக் கைபேசியை வேறொருவரிடம் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் எப்போதும் படமெடுப்பவர் அம்மாதான். எந்தப் படத்திலும் அவர் இல்லையே?

இது பெரும்பாலான வீடுகளில் உள்ள குறை. தெரியவரும்போது காலம் கடந்திருக்கும் குறையும்கூட. படமெடுப்பவருடைய நிழல் தரையில் நீண்டு விழுந்த படமொன்றை வைத்துக்கொண்டு ‘இதுதான் அப்பா’ என்று ஒரு நண்பர் என்னிடம் காட்டியிருக்கிறார். கைபேசியைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். கோணம் சரிந்திருக்கும், விரல் ஓரத்தில் விழுந்திருக்கும், ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து அம்மா சிரிக்கும் சிரிப்பு வேறு யார் எடுத்தாலும் வராது.

கைபேசியில் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது?

மாதம் ஒரு முறை உட்கார்ந்து, அந்த மாதத்தில் பிடித்த பத்துப் படங்களைத் தனிக் கோப்புறையில் போடுங்கள். ஆண்டுக்கு 120 படங்கள் சேரும், ஓர் ஆல்பத்துக்கு அது தாராளம். அவற்றை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில் இருக்கும்படி வையுங்கள். கிளவுட் கணக்கு அந்த வேறோர் இடமாக இருக்கலாம், ஆனால் அதன் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை மூலப் படமாகக் கருதாதீர்கள். சாதாரணமாகப் படமென்று அனுப்பும்போது அது சுருக்கப்படுவதோடு, எடுத்த தேதி, இடம் முதலிய உள்விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. டாக்குமென்டாக அனுப்பினால் படம் மாறாமல் போய்ச் சேரும்.

அச்சிட்ட பழைய படங்களுக்கு என்ன செய்வது?

பசைபூசிய அட்டையின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்களில் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். அந்தப் பசையும் பிளாஸ்டிக்கும் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கும். ஒட்டிக்கொண்டு வர மறுப்பவற்றை இழுக்காமல், இருந்தபடியே ஸ்கேன் செய்யுங்கள். அமிலம் நீக்கிய தாளுறைகளில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். பின்புறம் பேனாவால் எழுத வேண்டாம். மை ஊறி முன்புறம் தெரியும். நெகட்டிவ் கிடைத்தால் அது பிரின்ட்டைவிட முக்கியம்.

வீட்டுக்கு ஆபத்து என்றால் முதலில் ஆல்பத்தை எடுப்பேன் என்கிறார்கள். மிகையல்லவா?

ஜப்பானில் 2011 மார்ச்சில் ஆழிப்பேரலை ஊர்களை அடித்துச் சென்ற பிறகு, இடிபாடுகளுக்கிடையே சேற்றில் புதைந்திருந்த படங்களை மீட்புப் பணியாளர்கள் எடுத்து வைத்தார்கள்; தன்னார்வலர்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடிக்கொள்ளும்படி அடுக்கினார்கள். மியாகி மாநிலத்தின் யமமோட்டோ என்ற சிற்றூரில் மட்டும் இப்படிக் கழுவப்பட்டவை ஏறத்தாழ 7.5 லட்சம். வீட்டையும் உடைமைகளையும் இழந்தவர்கள் அந்த அடுக்குகளில் வரிசையாகத் தேடினார்கள். ஆகவே மிகை என்று நான் சொல்ல மாட்டேன்.

பழைய படங்களில் இருப்பவர்கள் யாரென்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டின் மூத்தவர்களிடம் காட்டுங்கள், ஆனால் ‘இது யார்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பெயர் மறந்திருந்தால் அவர்கள் சங்கடப்பட்டு மௌனமாகிவிடுவார்கள். ‘அன்றைக்கு என்ன நடந்தது?’ என்று கேட்டுவிட்டு, அவர்கள் சம்மதத்தோடு கைபேசியில் பேச்சைப் பதிவுசெய்துகொண்டே காத்திருங்கள்.

பெரியம்மாவின் அந்தச் சிறிய படத்தை அவருடைய தங்கையான என் சித்தியிடம் இப்படித்தான் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சிரிக்கும் முகத்தை விட்டுவிட்டு நேராக வலது மூலையில் விரலை வைத்தார். “இது என் கால். வார் அறுந்துபோச்சு, அக்காதான் ஊக்கு குத்திக் கொடுத்தா. எழுந்து ரெண்டு அடி வச்சேன், மறுபடியும் பிச்சுக்கிட்டது. அதுக்குத்தான் இப்படிச் சிரிக்கிறா.” படமெடுத்தவர் யார் என்பது அவருக்கும் நினைவில்லை. அவர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, படத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.